யோகலிங்கம் விண்ணுக்குப் போகிறார்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை நடந்த பழிவாங்கல்கள் எல்லாம் தரைமட்டத்திலேயே நடந்து முடிந்துவிட்டன என்பதும், பூமிக்கு மேலே முந்நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மனிதனைப் பழிவாங்கப்போகும் முதல் ஆள் தானே என்பதும் லதீசனின் ஆய்வு முடிவு. இதை அவன் பகிடியாகச் சொல்லவில்லை. ஒஸ்லோவில், பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பிரிவின் நிலக்கீழ் ஆய்வுகூடத்தில், தலையில் வலைத்தொப்பியும் கையில் நீல உறையும் போட்டுக்கொண்டு, கருத்தரங்கில் முடிவுரை வாசிக்கிற முகத்தோடு சொன்னான்.

"கத்தி, கோடாலி, அம்பு எல்லாத்தையும் எடுத்துப் பார். அம்புதான் ஆக உயரம். அதுவும் ஒரு பனை தாண்டாது."

"மொட்டைக் கடிதம் ஏயார்மெயிலிலை போனால்?" என்று ஹன்னா கேட்டாள்.

லதீசன் நேர்மையான விஞ்ஞானி. யோசித்துப் பார்த்தான்.

"பத்துக் கிலோமீற்றர். ஆனால் அது பிளேனின்ர உயரம். கடிதத்தின்ர சொந்த உயரமெண்டு கணக்கெடுக்கேலாது."

ஹன்னா யேசுரட்ணம் அவனைப் போலவே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். சின்ன வயதிலேயே நோர்வேயின் ஸ்தவாங்கர் நகருக்கு வந்து வளர்ந்து, படிக்க ஒஸ்லோ வந்தவள். அவர்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் படுத்திருந்த உலோக உருளை, ஒரு சிறிய ரொக்கெட்டின் தலைப்பகுதி. அதிலே இலத்திரன்களைப் பிடித்து எண்ணுகிற பெட்டி ஹன்னாவுடையது. பிளாஸ்மா அலைகளை அளக்கிற நாலு ஊசிகளும் லதீசனுடையவை. தைக்கிற ஊசியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அந்த நாலு ஊசிகளுக்காக அவன் தன் இளமையின் நல்ல பகுதியைக் கொடுத்திருந்தான்.

துருவ ஒளி என்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து நின்று படம் எடுக்கிற பச்சைத் திரைக்குள்ளே நடப்பது ஒரு சண்டை. மேலிருந்து இலத்திரன்கள் கொட்டுகின்றன. கொட்டுகிற வேகத்தில் பிளாஸ்மாவில் அலை எழும்புகிறது. எழும்பிய அலை சும்மா போகாது, திரும்பி இலத்திரன்களைப் பிடித்துத் தள்ளும். தள்ளுப்பட்ட இலத்திரன் இன்னும் பெரிய அலையைக் கிளப்பும். யார் முதல் தொடங்கினார்கள் என்பதில் உலகத்து விஞ்ஞானிகள் இரண்டு கட்சி. கீழே நின்று பார்த்து இதைத் தீர்க்க முடியாது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது, செய்மதியோ கண்மூடித் திறக்க முன் கடந்துவிடும். ஆகவே வடக்கே அண்டோயாத் தீவிலிருந்து ஒரு ரொக்கெட்டை ஒளிக்குள்ளேயே ஏவ வேண்டும். அது போகும்போதும் விழும்போதும் அளந்ததையெல்லாம் வானொலி அலையில் கீழே சொல்லிவிட்டு நோர்வேக் கடலில் மூழ்கிவிடும். சமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. ஆயத்தம் செய்யத்தான் வருடக்கணக்கு.

லதீசனுக்கும் யோகலிங்கத்துக்கும் இடையில் யார் முதல் தொடங்கினார்கள் என்பதில் இரண்டு கட்சி கிடையாது. தொடங்கியது லதீசன்தான். இதை ஒப்புக்கொள்ளாதவன் லதீசன் ஒருவனே.

யோகலிங்கம் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கலியாணம், சாமத்தியவீடு, ஆண்டுவிழா எதுவானாலும் ஒஸ்லோத் தமிழரின் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். முந்தின வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் அவர் புதுக் கார் ஒன்று வாங்கி, பூசைக்காகக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். தாயைக் கோயிலில் இறக்கிவிட வந்த லதீசனின் பழைய கார் பின்னால் மறிபட்டு நின்றது. அவன் இறங்கி வந்து, கூடிநின்ற சனத்துக்குக் கேட்கக்கூடியதாக ஐயரிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"ஐயா, தேசிக்காய் நசிஞ்சால் கார் பத்திரமா ஓடுமெண்டால், பிரேக்கைக் கழட்டிப்போட்டு ஒரு மூட்டை தேசிக்காயை ஏத்திக்கொண்டு போகலாமே. வளைவுக்கு ஒண்டு, சிவப்பு லைற்றுக்கு ரெண்டு."

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தாய்மார் சிரித்தார்கள். ஐயர் தாடியைத் தடவுகிற சாட்டில் வாயைப் பொத்திக்கொண்டார். யோகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி என்ன படிக்கிறீர்?"

"ரொக்கெட், அங்கிள்."

"ஓ," என்றார் யோகலிங்கம். அவர் வியாபாரி. எந்தச் சரக்கை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். அந்த 'ஓ'வை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, விலை ஏறும்வரை காத்திருந்தார்.

விலை ஏற அதிக நாள் செல்லவில்லை. ரொக்கெட் ஏவுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: "நாளைக்குப் போகுது" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு நிலைமை சரிவந்தால் பார்ப்பம்" என்பதுதான் அங்கே அதிகபட்ச வாக்குறுதி. லதீசன் வடக்கே புறப்பட முன், ஒஸ்லோவில் ஒலிபரப்பாகும் தமிழ் வானொலியில் பேட்டி கொடுத்து, "வாற கிழமை விடுறம்" என்று அறிவித்தான். வாற கிழமை ஒளி நன்றாக வந்த நாளில் காற்றுப் பிழைத்தது. காற்று அடங்கிய நாளில் ஒளி வரவில்லை. இரண்டும் சரிவந்த ஒரே நாளில், ரொக்கெட் விழுகிற கடற்பரப்பில் மீன்பிடிப் படகு ஒன்று வந்து நின்று, நல்ல மீன் படுகிறது, நகர மாட்டேன் என்றது. காலக்கெடு முடிந்தது. ரொக்கெட்டைத் திரும்பவும் பெட்டியிலே போட்டு ஒஸ்லோவுக்கு அனுப்பினார்கள். அதன் பக்கத்தில் லதீசனும் திரும்பி வந்தான்.

அந்தச் சித்திரையில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு. மண்டபம் நிறையச் சனம். யோகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தேன் ஒழுகச் சொன்னார்:

"எங்கட சமூகத்தின்ர பெருமை, விஞ்ஞானி லதீசன் இஞ்சை வந்திருக்கிறார். எழும்பும் தம்பி, சனம் பாக்கட்டும்."

லதீசன் எழும்பினான். புன்னகையும் செய்தான்.

"இவர் வாணம் விடப் படிக்கிறவர். விட்டவரோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. அது புஸ்வாணமாப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பி, அடுத்தமுறை சில்லுக்குக் கீழை ஒரு தேசிக்காயை வையும்."

மண்டபம் சிரித்தது. சமையல்கட்டில் நின்றவர்கள் கரண்டியோடு வெளியே வந்து என்ன என்று கேட்டறிந்து, தங்கள் பங்குக்கும் சிரித்துவிட்டுப் போனார்கள். முன்வரிசையில் இருந்த அவனுடைய தாய் கமலாதேவியும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியதை அவன் கண்டான். வீடியோக்காரரும் கண்டார். அந்தக் காட்சி இறுவட்டில் பதியப்பட்டு ஒஸ்லோவின் எல்லா வீடுகளுக்கும் போனது. சனிக்கிழமைகளில் அவன் கணிதம் படிப்பிக்கிற தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் அவனைப் 'புஸ்வாணம் சேர்' என்றார்கள். மரியாதைக்குச் 'சேர்' போட்டார்கள் என்பதுதான் இன்னும் எரிந்தது.

இப்போது இரண்டாவது முறை. மூன்றாவது கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இந்தத் தையிலும் ரொக்கெட் போகாவிட்டால், லதீசனின் ஆய்வேடு பறக்காத நாலு ஊசிகளைப் பற்றிய விபரமான வர்ணனையாக முடியும். பெயரும் புஸ்வாணமாகவே நிலைத்துவிடும்.

ஆகவே பழி. அதற்கான வழி அவனுக்குக் கிடைத்தது சமநிலை பார்க்கிற நாளில்.

ரொக்கெட் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே மேலே போகும். ஒரு பக்கம் பாரம் கூடினால் தள்ளாடும். அதனால் தலைப்பகுதியை முன்கூட்டியே சுழற்றிப் பார்த்து, பாரம் குறைந்த பக்கத்தில் சிறிய பித்தளைத் துண்டுகளைத் திருகிவிடுவார்கள். கார்ச் சில்லுக்கு ஈயத்துண்டு அடிப்பது மாதிரித்தான். கடைசித் துண்டை வெட்டி எடுக்கிற பொறுப்பு லதீசனுக்கு வந்தது. அவன் அதைத் தீப்பெட்டி அளவில் வெட்டி, அராவி, துடைத்து, பாகங்களுக்கு இலக்கம் பொறிக்கிற கருவியை எடுத்து, உட்புறத்தில் 'கு. யோகலிங்கம், குறொன்லாண்ட்' என்று பொறித்தான். நோர்வேயில் வேறு யோகலிங்கங்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது.

"இதென்ன?" என்றாள் ஹன்னா.

"பாரத் துண்டு."

"பேர் எழுதியிருக்கு."

"ஓம். ஆளை மேலை ஏத்தி, இலத்திரன் மழைக்குள்ளை நல்லா நனைய விட்டு, பிறகு கடலிலை போடப்போறன். அங்கை காத்தும் இல்லை. மைக்கைப் பிடிச்சுக் கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

ஹன்னா துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லதீஸ், தகட்டிலை ஆளின்ர பேரை எழுதிக் கடலிலை போடுறதுக்கு எங்கட ஆக்கள் ஒரு சொல் வைச்சிருக்கினம்."

"என்ன சொல்?"

"செய்வினை."



"இது எடைச் சமநிலை," என்றான் லதீசன்.

"செய்வினைக்காரரும் கிட்டத்தட்ட உதைத்தான் சொல்லுவினம். என்ன, அவங்கள் கரையிலை நிண்டு எறிவாங்கள். நீ ரொக்கெட்டிலை வைச்சு அனுப்புறாய். அதுவும் அரசாங்கச் செலவிலை."

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை."

"நம்பாதவன் செய்தால் பலிக்காதெண்டு ஆர் சொன்னது?"

அவன் துண்டை வாங்கி, உள்ளே வைத்துத் திருகாணியை இறுக்கினான். மீண்டும் சுழற்றிப் பார்த்தார்கள். உருளை ஒரு மயிரிழையும் ஆடாமல் சுழன்றது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சமநிலையைத் தான் கண்டதில்லை என்று பேராசிரியர் சொன்னார். திருகாணித் தலைகள் எல்லாவற்றிலும் சிவப்பு மைக்கோடு இழுத்தார்கள். கோடு இழுத்தபின் ஒரு திருகாணியையும் யாரும் தொடக்கூடாது. யோகலிங்கம் முத்திரை குத்தப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து, நகரின் புறத்தே ஹவுகெட்டோவில் உள்ள வீட்டில் லதீசன் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாய் சம்பலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"யோகலிங்கத்தார் விழுந்திட்டாராம்."

"எங்கை?"

"கடை வாசல்லை. ஐஸிலை சறுக்கி. வலக்கை முறிஞ்சு போச்சு. லேகெவாக்ட் ஆசுப்பத்திரியிலை கன நேரம் காத்திருந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவராம், பாவம்."

"எப்பயாம்?"

"செவ்வாய்க்கிழமை பின்னேரம்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் அவன் திருகாணியை இறுக்கியது.

"சனம் கதைக்குது, ஆரோ எரிச்சல்காரர் செய்து போட்டினமாம்," என்றாள் தாய்.

லதீசன் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். தண்ணீர் குடித்தான்.

"அது ஐஸ், அம்மா. செருப்புக்கும் ஐஸுக்கும் உராய்வு காணாது. அவ்வளவுதான்."

"ஐஸ் ஒவ்வொரு வருசமும் இருக்கு. அந்தாள் இருபது வருசமா விழேல்லை."

லதீசன் அறைக்குப் போய்க் கணக்குப் பார்த்தான். தை மாதத்து ஒஸ்லோவில் விழுந்து கை முறிகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பலசரக்குக் கடைக்காரராக இருப்பதில் அதிசயம் இல்லை. குறிப்பிட்ட ஒரு கடைக்காரர், குறிப்பிட்ட ஒரு பின்னேரத்தில் என்று வரும்போது மட்டும் விடை அவனுக்குப் பிடிக்காத அளவுக்குச் சிறிதாக வந்தது. கணக்கை அழித்தான்.

அவனுக்குள் ஒரு பகுதி சந்தோஷப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. வலக்கை ஒலிவாங்கி பிடித்த கை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு எரிச்சலும் வந்தது. பழி இப்படிக் கடை வாசலிலேயே, செருப்பு மட்டத்திலேயே நடந்து முடிந்துவிட்டால் அவனுடைய முந்நூறு கிலோமீற்றர் என்னாவது? வழுக்கி விழப் பண்ணுவதற்கு ரொக்கெட் எதற்கு? வாழைப்பழத் தோல் போதுமே.

அடுத்த நாள் இதை ஹன்னாவிடம் சொன்னான். அவள் தன் பெட்டியின் மூடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ர பிரச்சினை அது இல்லை," என்றாள். "அவற்ற பேரும் உன்ர ஊசியும் இப்ப ஒரே ரொக்கெட்டிலை. என்ர பெட்டியும்தான், அதை விடு. அவர் கடலிலை விழவேணுமெண்டால் முதல் மேலை போகவேணும். அவருக்குக் காத்துச் சரிவரவேணும், அவருக்கு வானத்திலை நூர்லீஸ் ஒளி வரவேணும், அவருக்கு வழியிலை மீன்காரன் நிக்கக்கூடாது. யோகலிங்கம் அங்கிளுக்கு நல்லது நடந்தால்தான் உனக்கு டிகிரி."

லதீசன் சிவப்புக் கோடு இழுத்த உருளையைத் திரும்பிப் பார்த்தான்.

"எதிரியைப் பிடிச்சு உன்ர தோணியிலேயே ஏத்தி வைச்சிருக்கிறாய்," என்றாள் அவள். "இனி நீதான் அவருக்காகக் கும்பிட வேணும்."

அவன் நேரே பேராசிரியரிடம் போனான். பேராசிரியர் நோர்வேக்காரர், நரைத்தவர், முப்பது வருடமாகத் துருவ ஒளியைத் தவிர வேறெதையும் ஆராயாதவர். கடைசிப் பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு அதே எடையில் இன்னொன்றைப் போடலாமா என்று லதீசன் கேட்டான்.

"ஏன்?" என்றார் பேராசிரியர்.

நியாயமான கேள்வி. நோர்வேஜிய மொழியில் செய்வினைக்கு என்ன சொல் என்று லதீசனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

"சும்மா கேட்டேன்."

"இவ்வளவு நல்ல சமநிலையைத் தொடாதே. இந்த முறை எல்லாம் சரியாகப் போகும் போல இருக்கிறது," என்றார் பேராசிரியர். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. வாய்தவறி நல்லது ஏதும் சொல்லிவிட்டால், அது கெட்டுப்போகாமல் இருக்க நோர்வேக்காரர் மரமேசையில் தட்டுவார்கள். பேராசிரியரின் கை தன்பாட்டில் மேசைக்குப் போனது. மேசை இரும்பு. அவர் எழுந்து, கதிரையைச் சுற்றிக்கொண்டு யன்னலடிக்குப் போய், அதன் மரச்சட்டத்தில் மூன்று முறை தட்டிவிட்டு வந்து அமர்ந்தார். பிறகு பிளாஸ்மாவின் அடர்த்தியைப் பற்றி ஏதோ கேட்டார்.

லதீசன் பதில் சொன்னான். ஆனால் அவன் கண் அந்த யன்னல் சட்டத்திலேயே இருந்தது. மூன்று முறை தட்டிய இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து, மரம் தெரிந்தது.

லொறி வருவதற்கு முதல்நாள் பின்னேரம், லதீசன் குறொன்லாண்டில் ரீ-பான் நிலக்கீழ் ரயிலால் இறங்கினான். காயப்பட்ட ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு வருவது பண்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். தேசிக்காய் வேண்டுமென்றால் ஹவுகெட்டோக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் அங்கே விற்பது பிறேசிலிலிருந்து வந்து, மெழுகு பூசி, ஒவ்வொன்றிலும் ஸ்ரிக்கர் ஒட்டிய சாதி. நம்பிக்கை இல்லாத காரியமானாலும், செய்வதென்றால் சரியான மூலப்பொருளில் செய்யவேண்டும் என்பது ஆய்வுகூடத்து ஒழுக்கம்.

யோகலிங்கம் கல்லாவில் இருந்தார். வலக்கை கழுத்திலிருந்து தொங்கியது.

"வாரும் தம்பி, வாரும். வாணம் நாளைக்கு லொறியிலை ஏறுதாம். அம்மா சொன்னவ."

"ஓம் அங்கிள். கை எப்பிடி?"

"கை சுகப்படும். நாக்குக்கு ஒண்டுமில்லை." அவர் இடக்கையால் மீசையைத் தடவினார். "வாற சனிக்கிழமை கலியாணவீடு. மைக்கை இடக்கையாலை பிடிப்பன். நீரும் வாரும். எழும்பி நிக்க ஒரு ஆள் வேணும்."

லதீசனுக்குள் மூன்று நாளாக ஊறிக்கொண்டிருந்த இரக்கம் அந்த இடத்திலேயே வற்றியது. பெரிய நிம்மதியாக இருந்தது. இந்த மனிதனைக் கடலில் போடுவது சரியான முடிவுதான். போடுவதற்கு முதல் ஏற்றவேண்டும், அவ்வளவுதான் சிக்கல். அவன் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தேவையில்லாத முருங்கைக்காயும், வீட்டில் இருக்கிற மிளகாய்த்தூளும், பாதி பழுத்த கப்பல் வாழைப்பழமும் எடுத்து, அவற்றுக்குக் கீழே மறைவாக ஒரு தேசிக்காயையும் வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் வசந்தமலர் அன்ரி கூடையோடு வந்து நின்றாள். ஹவுகெட்டோவில் பக்கத்து மாடி. அவளுக்குத் தெரிந்தால் தமிழ் வானொலிக்குத் தெரிந்த மாதிரி.

யோகலிங்கம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முருங்கைக்காய். மிளகாய்த்தூள். வாழைப்பழம். தேசிக்காய் வந்ததும் கை நின்றது.

"இது என்னத்துக்கு?"

"மீனுக்கு."

"மீன் எடுக்கேல்லையே."

"வீட்டிலை இருக்கு."

"என்ன மீன்?"

இரண்டு பட்டங்கள் வாங்கிய லதீசனுக்கு அந்த நேரத்தில் ஒரு மீனின் பெயரும் ஞாபகம் வரவில்லை. யோகலிங்கம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையை நீட்டி, பக்கத்திலிருந்த தேசிக்காய்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"லொறிக்கு எத்தினை சில்லு?"

பின்னால் வசந்தமலர் அன்ரியின் கூடை கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. வசதியாக நின்று கேட்பதற்கு ஆயத்தம்.

லதீசன் இந்த இடத்தில் சொல்லக்கூடிய பதில்கள் பல இருந்தன. அவற்றை அவன் பிறகு ரீ-பானில் வரும்போது ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆறு," என்றான்.

யோகலிங்கம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம். பெட்டிக்குள் கையை விட்டு, புள்ளி விழாத காயாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் மூக்கடியில் பிடித்து மணந்து, திருப்தியானதை மட்டும் பையில் போட்டார். ஒற்றைக் கையால் செய்கிற வேலை, நேரம் எடுத்தது. லதீசன் பணப்பையைத் திறந்தான்.

"தேசிக்காய்க்கு வேண்டாம். சாமி காரியத்துக்கு நான் காசு எடுக்கிறேல்லை. மிளகாய்த்தூளுக்குத் தாரும்." பையை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "முன் சில்லுக்கு முதல் வையும் தம்பி. பிறகு பின்னுக்கு."

லொறி காலையில் வந்து, ஆய்வுகூடத்துப் பின்வாசலில் பின்புறமாக நின்றது. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. முற்றத்தில் பனி இறுகிக் கிடந்தது. மரப்பெட்டியை ஏற்றி, கட்டி, கதவை மூடினார்கள். சாரதி கோப்பி குடிக்கப் போனார். பேராசிரியரும் ஹன்னாவும் சாமான்களைச் சரிபார்க்க உள்ளே போனார்கள். லதீசன், தான் பெட்டிக்குக் காவல் நிற்பதாகச் சொன்னான்.

அவனுடைய குளிர்ச்சட்டையின் உட்பைகள் இரண்டும் புடைத்திருந்தன. முதல்நாள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் ஒரு தேசிக்காயை வைத்துப் பரிசோதித்துப் பார்த்திருந்தான். உறைந்த தேசிக்காய் நசியாது, தெறிக்கும். நசிவதுதான் முறை. ஆகவே மிச்சத்தை உடம்புச் சூட்டிலேயே கொண்டுவந்திருந்தான். பரிசோதனையில் செத்த ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வேண்டுமே என்று பையைக் கொட்டி எண்ணியபோதுதான், யோகலிங்கம் ஒன்று கூடப் போட்டிருப்பது தெரிந்தது. அந்த மனிதர் இதைக்கூட எதிர்பார்த்திருக்கிறார் என்ற எண்ணம் அவனைச் சுட்டது.

முன் சில்லு இரண்டுக்கும் முதலில் வைத்தான். பிறகு பின்னுக்குப் போனான். ஐந்து சரியாக அமர்ந்தன. பின்னால் வைத்த நாலாவது, பனியில் வழுக்கி உருண்டு லொறிக்குக் கீழே போய்விட்டது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வயிற்றில் படுத்து, கையை நீட்டிப் பிடித்தான். அப்படிக் கிடந்தபோது அவனுக்கு நேர் மேலே, இரும்புத் தளத்துக்கும் மரப்பெட்டிக்கும் உள்ளே, ஊசிகளுக்குப் பக்கத்தில், சிவப்புக் கோடு இழுத்த திருகாணிக்குப் பின்னால், கு. யோகலிங்கம் பயணத்துக்குத் தயாராக இருந்தார்.

வழியனுப்பும்போது "போட்டு வாங்கோ" என்று சொல்வதுதான் வழக்கம். லதீசன் வாயைத் திறந்து, "போட்டு" வரைக்கும் சொன்னான். போன வருடம் ரொக்கெட் போய்த் திரும்பி வந்ததுதான் பிரச்சினை என்று அப்போது ஞாபகம் வந்தது. "போங்கோ அங்கிள்," என்று முடித்தான். "நல்ல உயரமாப் போங்கோ."

உள்ளே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சாரதியின் சப்பாத்து பனியில் நெரிபட்டுக்கொண்டு வந்தது. லதீசன் கடைசித் தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்து, அது உருளாதபடி இரண்டு பக்கமும் கொஞ்சம் பனியை அணைத்து, ஊசி பொருத்தும்போது செய்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் மெதுவாக நேராக்கினான்.